சோலை வெளிச்சத்துக்கு ஒரு டெலிபோட்டோ லென்ஸ்

கோத்தகிரி பேருந்து நிலையத்தில் கேமராவும் கையுமாக நின்றால், பக்கத்தில் நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி "இது எத்தனை எம்.எம்.?" என்பதுதான். லென்ஸ் வாங்கப் போகிறவர்களும் என்னிடம் அதையேதான் கேட்கிறார்கள்: "அண்ணே, முந்நூறு போதுமா, அறுநூறு வாங்கிடலாமா?" பெரும்பாலும் இவர்கள் இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாயைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மீதிக்கு மாதத் தவணை போடலாமா என்ற யோசனையில் இருப்பவர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் குடியிருந்து, இங்குள்ள சோலைகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் நடந்து படம் எடுக்க நினைப்பவருக்கு, 250 முதல் 400 மி.மீ. வரை எட்டக்கூடிய, ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு) உள்ள, ஒரு கிலோவை ஒட்டிய எடைக்குள் அடங்கும் லென்ஸ் போதும். அதையும் நல்ல நிலையில் உள்ள பழையதாகவே வாங்கலாம். அறுநூறுக்காகக் கடன் வாங்க வேண்டாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கும், இந்த மலையின் வெளிச்சத்தைப் பற்றிய சில விவரங்களும் தேவைப்படுகின்றன.

மில்லிமீட்டர் எண், அதாவது லென்ஸின் குவியத் தூரம், சொல்வது, கேமராவுக்குள் படம் பதிவாகும் சென்சாரின் மீது உருவம் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை மட்டுமே. அந்த உருவத்துக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும் என்பதை அறிய, குவியத் தூரத்தை, லென்ஸில் எழுதியிருக்கும் எஃப் எண்ணால் வகுத்து, வெளிச்சம் நுழையும் துளையின் விட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 250 மி.மீ. எஃப் 5.6 என்றால் விட்டம் ஏறத்தாழ 45 மி.மீ.; 300 மி.மீ. எஃப் 5.6 என்றால் 54, 400 மி.மீ. எஃப் 5.6 என்றால் 71, 600 மி.மீ. எஃப் 6.3 என்றால் 95. லென்ஸின் விலையும் எடையும் பெரும்பாலும் இந்த விட்டத்தோடு சேர்ந்தே ஏறுகின்றன, ஏனென்றால் அவ்வளவு அகலமான கண்ணாடியைப் பிழையில்லாமல் கடைந்து மெருகேற்றுவதற்குத்தான் செலவு ஆகிறது. நீளமான லென்ஸ் ஒன்று ஆச்சரியப்படும்படி மலிவாகவும் இலேசாகவும் இருந்தால், துளை எங்கோ சுருங்கியிருக்கிறது என்று பொருள்.

மூன்று பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். கேனான் 2020-இல் கொண்டுவந்த 600 மி.மீ. எஃப் 11 லென்ஸ் 930 கிராம்தான். அதன் துளை விட்டம் 55 மி.மீ. நிக்கான் 2015-இல் வெளியிட்ட கூல்பிக்ஸ் பி900 கேமரா 2000 மி.மீ.க்குச் சமமான எட்டத்தைத் தருவதாகப் பெயர் பெற்றது; ஆனால் அது சின்ன சென்சாரால் வரும் எட்டம், அதன் உண்மையான குவியத் தூரம் 357 மி.மீ., எஃப் எண் 6.5, ஆகவே விட்டம் அதே 55 மி.மீ. 70 முதல் 300 மி.மீ. வரை மாறும் சாதாரண 70-300 ஸூம் லென்ஸின் விட்டம், 300-இல், 54. ஒரே கிளையில் அமர்ந்திருக்கும் ஒரே பறவையிடமிருந்து, ஒரே இடத்தில் நின்று எடுக்கும்போது, இந்த மூன்றும் திரட்டும் வெளிச்சம் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரே கரண்டி மாவில் பெரிய தோசை வார்த்தால் அது மெலிதாகத்தான் வரும். 600 எஃப் 11 தரும் பெரிய உருவமும் அப்படி மெலிந்த வெளிச்சத்தில் ஆனதுதான். கோடநாடு காட்சிமுனையில் நண்பகல் வெயிலில் நிற்கும்போது இது பொருட்டே இல்லை, ஐ.எஸ்.ஓ. என்ற ஒளி உணர்திறன் எண்ணை 400 வைத்தாலே எஃப் 11-இல் 1/800 நொடி கிடைத்துவிடும். சோலைக்குள் நுழைந்தால்தான் இந்தக் கணக்கு கையைக் கடிக்கும்.

கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய 116 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காட்டில் மரங்கள் அவ்வளவு உயரமானவை அல்ல, ஆனால் தலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்பதால் தரையில் பகலிலும் மங்கல் வெளிச்சமே இருக்கும். பாசி படர்ந்த அடிமரங்களுக்கு நடுவே, சருகைக் கிளறிக்கொண்டு, நீலகிரிச் சோலைக்கிளி பாதையோரம் தத்தித் தத்தி வரும். இந்த மலைத்தொடருக்கும் அதை அடுத்த சில மலைகளுக்கும் வெளியே காணக் கிடைக்காத பறவை அது. கருநீல முதுகும் செம்பழுப்பு விலாவும் கொண்ட அது, அசையாமல் உட்கார்ந்திருப்பவரைப் பத்துத் தப்படி தூரம் வரை பொருட்படுத்துவதில்லை. மேகம் மூடிய காலையில் அங்கே ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 5.6 என்று வைத்தால் ஷட்டர் வேகம் 1/125 நொடியை ஒட்டி நிற்கும். அதே இடத்தில் எஃப் 11 லென்ஸை வைத்தால் 1/30. ஸ்டெபிலைசர் நம் கையின் நடுக்கத்தைத்தான் ஈடுகட்டும். பறவையின் தலையசைவை அதனால் நிறுத்த முடியாது. ஆகவே ஐ.எஸ்.ஓ.வை 6400-க்கு ஏற்ற வேண்டிவரும், பழைய கேமராவாக இருந்தால் விலாவின் செம்பழுப்பு வெறும் புள்ளிகளாகச் சிதறிப்போகும். எஃப் 5.6-இல் நிலைமை சமாளிக்கக்கூடியது. சோலைக்கிளி தொடர்ந்து ஓடுவதில்லை. இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம், வாலை ஒருமுறை இறக்கி ஏற்றல், மறுபடி தத்தல் என்று அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த நிறுத்தத்தில் மூன்று நான்கு படங்களைத் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்றாவது கூர்மையாக விழும். பறவையை வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடுகிறவர்களைப் பற்றி இங்கே எழுதத் தொடங்கினால் கட்டுரை திசை மாறிவிடும். அதைச் செய்யாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, உருவம் சின்னதாக விழுமே என்ற கவலைக்கு வருவோம். சென்சாரில் விழும் உருவத்தின் அளவு என்பது, பொருளின் அளவைக் குவியத் தூரத்தால் பெருக்கி, இடையிலுள்ள தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. நீலகிரி ஈப்பிடிப்பான் சுமார் 13 செ.மீ. நீளமுள்ள பறவை. அது பத்து மீட்டர் தள்ளி அமர்ந்திருக்க, நம்மிடம் 300 மி.மீ. லென்ஸ் இருந்தால், சென்சாரில் அதன் நீளம் 3.9 மி.மீ. இன்று பலரிடம் உள்ள 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய சென்சார்) கேமராக்களில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 3.9 மைக்ரான், ஆகவே அந்தப் பறவை ஆயிரம் பிக்சல் நீளத்துக்குப் பதிவாகிறது. ஸ்டூடியோவில் போடும் ஆறுக்கு நான்கு அங்குலப் பிரதிக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில், 1800-க்கு 1200 பிக்சல் போதும். அந்த அளவுக்குப் படத்தின் ஓரங்களை வெட்டிச் சுருக்கினால் பறவை அதில் பாதிக்கு மேல் நிறைந்து நிற்கும். கைப்பேசித் திரையில் பார்ப்பவர்களுக்கோ கேட்கவே வேண்டாம்.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. பத்து மீட்டரை ஐந்து மீட்டராகக் குறைப்பதும், முந்நூறை அறுநூறாக்குவதும் உருவ அளவில் ஒன்றே; ஆனால் நெருங்கும்போது இடையிலுள்ள பனிக்காற்றும் பாதியாகிறது, துளையும் எஃப் 5.6-ஆகவே இருக்கிறது. ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிந்தவருக்கு இது செலவில்லாமல் கிடைக்கும் லாபம். செம்மீசைச் சின்னானும் வெள்ளைக்கண்ணியும் வீட்டு வேலிக்கே வந்து பழகியவை; அவற்றுக்காக இரண்டு கிலோ லென்ஸைத் தூக்குவது வீண் வேலை.

பெரிய விலங்குகளுக்கு இன்னும் குறைந்த எட்டமே போதும். குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை மேய்வது அன்றாடக் காட்சி. தோள் உயரம் ஆறடி இருக்கும் அந்த விலங்கு முப்பது மீட்டர் தள்ளி நின்றால், 250 மி.மீ. லென்ஸில் கிராப் சென்சாரின் உயரம் முழுவதையும் நிறைத்துவிடும். அதற்கு மேல் நெருங்கக் கூடாது என்பதால், 250 என்பது இங்கே பாதுகாப்பான தூரத்துக்கும் நிறைவான படத்துக்கும் சரியாகப் பொருந்தும் எண். கன்றுடன் நிற்கும் மாட்டிடமும், மாலையில் தோட்டத்துக்குள் இறங்கும் கரடியிடமும் முப்பது மீட்டர்கூடப் போதாது. அங்கே கேமராவைப் பற்றிய யோசனையே வரக் கூடாது. முதுமலையில் நடந்து சென்று படம் எடுக்க அனுமதி கிடையாது. தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வாகனத்தில்தான் போக வேண்டும். யானையோ புள்ளிமானோ சாலையோரத்திலேயே நிற்கும் அந்தப் பயணத்தில், 150-இல் தொடங்கும் பெரிய ஸூம் லென்ஸை வைத்திருப்பவர் யானையின் காதை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவதைப் பார்க்கலாம். குலுங்கும் இருக்கையில், அடுத்தவர் தோளுக்கு மேலே நீட்டி எடுப்பதற்கு இலேசான 55-250 எவ்வளவோ வசதி.

பனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையின் மேற்குப் பக்கம் மேகத்துக்குள் மூழ்கிக் கிடக்கும். கிழக்குச் சரிவில் உள்ள கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் பெருமழை. மழை இல்லாத நாளிலும் மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து தோட்டத்தை மூடுவது வழக்கம். நூறு மீட்டர் பனிக்கு அப்பால் உள்ள பருந்தை அறுநூறு மி.மீ. லென்ஸ் பெரிதாக்கும்போது நடுவிலுள்ள பனியையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது. படம் சாம்பல் பூத்துக் கிடக்கும். கணினியில் எவ்வளவு கருமையைக் கூட்டினாலும் இறகின் நுட்பம் திரும்ப வராது.

எதிர்த்தரப்பையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வட்டமிடும் வெண்முதுகுப் பாறுகளை எடுக்க வேண்டுமென்றால் முந்நூறு போதாது. அழிவின் விளிம்புக்குப் போய் இந்தப் பகுதியில் இன்னும் கூடு கட்டி வாழும் அந்தப் பறவைகளை நாம் நெருங்கவும் முடியாது, நெருங்கவும் கூடாது. வானம் திறந்த வெளி, வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அங்கே அறுநூறுக்கு வேலை இருக்கிறது, மலிவான 600 எஃப் 11-க்கும் பி900-க்கும்கூட வேலை இருக்கிறது. ஆனால் வெயில் ஏறிவிட்டால் சீகூர் சமவெளியின் சூடான தரையிலிருந்து எழும் கானல் தொலைவில் உள்ள எல்லாவற்றையும் நெளிய வைத்துவிடும். காலையின் முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை அது. பாறுகளே உங்கள் முதல் விருப்பம் என்றால் இந்தக் கட்டுரையின் பரிந்துரை உங்களுக்குப் பொருந்தாது.

இனிக் குறிப்பிட்ட லென்ஸ்களுக்கு வரலாம். கேனான் கிராப் சென்சார் கேமரா வைத்திருப்பவருக்கு என் முதல் தேர்வு 2013-இல் வந்த 55-250 எஸ்.டி.எம். லென்ஸ்தான். பழையதாகப் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கிறது, 375 கிராம் எடை, ஸ்டெபிலைசர் உண்டு, 85 செ.மீ. வரை நெருங்கிக் குவியம் கொள்ளும். அந்தக் கடைசிக் குணத்தைப் பலர் கவனிப்பதில்லை. மழை விட்ட வெயிலில் சாலையோரம் அமரும் வண்ணத்துப்பூச்சியையும் தவளையையும் தனி லென்ஸ் வாங்காமல் எடுக்க அது உதவுகிறது. பெயர் கிட்டத்தட்ட இதே போல ஒலிக்கும் கேனான் 75-300-ஐ, கேமராவோடு சேர்த்து இலவசம்போலத் தந்தால்கூட யோசிக்க வேண்டும்: ஸ்டெபிலைசர் இல்லை, 300-இல் மங்கலாக வரும், நமக்குத் தேவைப்படுவதோ அந்த 300 மட்டும்தான். கூடுதல் பணம் இருந்தால் 2016-இல் வந்த 70-300-இன் இரண்டாம் பதிப்பு நல்ல முன்னேற்றம். 710 கிராம், வேகமான ஆட்டோஃபோகஸ். உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகையான மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியவர்கள், அடாப்டர் என்ற இணைப்பு வளையம் வழியே இவற்றை அப்படியே பயன்படுத்தலாம் என்பதால் போட்ட பணம் வீணாகாது. மிரர்லெஸுக்கென்றே 2021-இல் வந்த 100-400 லென்ஸ் 635 கிராமில் அருமையாகச் செய்யப்பட்டது. 400-இல் அது எஃப் 8 என்பதை மட்டும் சோலைக்குப் போகிறவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிக்கான்காரர்களுக்கு கிராப் சென்சாருக்கான (டி.எக்ஸ்.) ஏஎஃப்-பி 70-300 லென்ஸ் பொருத்தமானது, 415 கிராம்தான். ஆனால் இதில் இரண்டு பொறிகள் உள்ளன. ஒரே தோற்றத்தில் இரண்டு வகை விற்கிறது, பெயரில் வி.ஆர். என்ற எழுத்துகள் இருப்பதற்குத்தான் ஸ்டெபிலைசர் உண்டு. அடுத்தது, டி90, டி3100, டி5100, டி7000 போன்ற பழைய கேமராக்களில் இந்த லென்ஸ் வேலையே செய்யாது; கையால்கூடக் குவியப்படுத்த முடியாது. மறுபுறம், நிக்கானின் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்கு உள்ளே மோட்டார் இல்லாததால், டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அவற்றின் ஆட்டோஃபோகஸ் இயங்காது. கேமராவைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்க்காமல் பழைய நிக்கான் லென்ஸுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. சோனியில் 55-210 மலிவு, எட்டம் குறைவு; 2019-இல் வந்த 70-350 மிக நல்லது, விலை நம் வரம்புக்கு வெளியே.

இதற்கு மேல் ஒரு படி ஏற முடிந்தவர்களுக்கு, 2017-இல் சிக்மாவும் டாம்ரானும் தனித்தனியே கொண்டுவந்த 100-400 லென்ஸ்களைச் சொல்வேன். 400-இல் எஃப் 6.3, துளை விட்டம் 63 மி.மீ., எடை 1.1 கிலோ அளவில். என் கணிப்பில் நடந்து திரியும் ஒருவர் கழுத்து வலிக்காமல் தூக்கக்கூடிய கடைசி வரம்பு இதுதான். கேனானின் 400 எஃப் 5.6, 1993-இலிருந்து இருக்கிற புகழ்பெற்ற லென்ஸ். பறக்கும் பறவைகளுக்கு இன்றும் பலர் அதைத்தான் நம்புகிறார்கள். ஆனால் அதில் ஸ்டெபிலைசர் கிடையாது, மூன்றரை மீட்டருக்குள் வரும் எதையும் எடுக்காது. பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்பவருக்குச் சரி, சோலைக்குள் போகிறவருக்குச் சங்கடம். சிக்மா (கன்டெம்பரரி வகை), டாம்ரான் இரண்டின் 150-600 லென்ஸ்களும் இரண்டு கிலோவை ஒட்டியவை, 95 மி.மீ. ஃபில்டர் போட வேண்டிய அகலம். பழையதே அரை லட்சத்தைத் தாண்டும். வாகன ஜன்னலில் ஒரு துணிப்பையின் மேல் வைத்து எடுப்பவருக்கு அவை கொடுக்கும் படங்களைக் குறை சொல்ல முடியாது. மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து படிக்கட்டு ஏறி வீட்டுக்குப் போகிறவர்களும், காலையில் வேலைக்குப் போகுமுன் அரை மணி நேரம் கிடைப்பவர்களும் அதை வாங்கினால், சில மாதங்களில் அது அலமாரியை விட்டு வெளியே வராது. என் நண்பர்கள் வட்டத்தில் அப்படி உறங்கும் அறுநூறுகள் உண்டு.

மலிவு என்பதற்காக வாங்கக் கூடாதவை சில. இணையக் கடைகளில் சில ஆயிரங்களுக்குக் கிடைக்கும் 420-800 மி.மீ. குழாய் லென்ஸில் ஆட்டோஃபோகஸ் இல்லை, 800-இல் எஃப் 16. முக்காலி மேல் வைத்து நிலவை எடுக்கலாம். உள்ளே வளைந்த ஆடி வைத்த பழைய 500 மி.மீ. மிரர் லென்ஸ்கள் எஃப் 8, பின்னணியில் உள்ள ஒவ்வொரு இலைப் பளபளப்பையும் வளையமாக மாற்றிவிடும். பனித்துளி நிறைந்த நம் தோட்டங்களில் அது கண்ணை உறுத்தும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் இரண்டு மடங்கு கன்வெர்ட்டர் நான்கில் மூன்று பங்கு வெளிச்சத்தை விழுங்குகிறது, எஃப் 5.6 ஸூம் அதனால் எஃப் 11 ஆகிறது, சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் அந்த நிலையில் குவியத்தைத் தேடி முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும்.

பழைய லென்ஸைத் தேர்ந்தெடுப்பதில்தான் பணம் மிச்சமாவதும் வீணாவதும் நடக்கிறது, ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கு இறங்கித்தான் வாங்குகிறார்கள். போகும்போது கேமரா, சார்ஜ் ஏறிய பேட்டரி, காலியான மெமரி கார்டு, ஒரு சிறிய டார்ச் ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி வெளிச்சமும் ஆகும், ஆனால் குவிந்த ஒளியுள்ள டார்ச் நல்லது. இரண்டு பக்க மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கத்திலிருந்து உள்ளே பார்க்க வேண்டும்; ஸூமை மெல்லத் திருப்பிக்கொண்டே பார்த்தால் ஒவ்வொரு கண்ணாடியும் வெவ்வேறு ஆழத்தில் ஒளிரும். தூசி தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். அது எல்லா லென்ஸிலும் இருப்பது, படத்தைக் கெடுக்காது. பூஞ்சை அப்படியல்ல. கண்ணாடியின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, மயிரிழை போன்ற வெண்ணிற இழைகள் கிளைத்துக் கிளைத்து ஓடும். சில சமயம் நடுவில் ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல விரியும். ஒரு கடையில் எனக்கு நீட்டப்பட்ட, "புத்தம் புதுசு மாதிரி" என்று சொல்லப்பட்ட 70-300-இல் இரண்டாவது கண்ணாடியின் ஓரம் முழுக்க இப்படி இழை ஓடியிருந்தது. கடைக்காரர் அதைத் தூசி என்று சாதித்தார், நான் மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தொடக்க நிலைப் பூஞ்சையைத் துடைத்து எடுக்க முடியும் என்றாலும், முற்றியது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும்; அந்த அரிப்பு போகாது. மலிவு லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலி லென்ஸின் விலையில் கணிசமான பங்காகிவிடும் என்பதும் உண்டு.

இந்த இடத்தில் ஒரு சந்தேகத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். உதகையிலும் குன்னூரிலும் ஒரு மழைக்காலம் முழுக்கத் தோல் பைக்குள் கிடந்த லென்ஸைவிட, சமவெளியில் அலமாரியில் திறந்து கிடந்த லென்ஸையே நான் அதிகம் நம்புவேன். நம் ஊரிலேயே மலிவாக வருகிறது என்றால் டார்ச்சை இரண்டு முறை அடித்துப் பாருங்கள்.

டார்ச்சுக்கு அடுத்தது சுவர். டைல்ஸ் ஒட்டிய சுவரையோ கடையின் ஷட்டர் கதவையோ நேர் எதிரே நின்று, ஸூமின் நீண்ட முனையில், துளையை முழுதாகத் திறந்து எடுத்து, கேமராவின் திரையில் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நான்கும் சற்று மங்கலாக இருப்பது அந்த வகை லென்ஸின் இயல்பாக இருக்கலாம். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி இடம் பிசகியிருக்கிறது, அநேகமாகக் கீழே விழுந்ததால். பின்பு ஸ்டெபிலைசரைப் போட்டும் அணைத்தும் பார்க்க வேண்டும்: ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் திரையில் ஆட்டம் அடங்குவது கண்ணுக்குத் தெரியும். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாற்றி மாற்றிக் குவியம் பிடிக்கச் சொன்னால், நைந்த மோட்டார் இழுத்துக்கொண்டு நிற்கும் அல்லது கீச்சிடும். லென்ஸைக் கேமராவோடு பொருத்தும் வளையமான மவுண்ட்டைச் சுற்றியுள்ள திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். முன்கண்ணாடியில் உள்ள சிறு கீறலுக்காக அலற வேண்டியதில்லை, விலையைக் குறைக்கக் கேட்கலாம். பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் வேண்டாம். ஃபிலிம் காலத்து சிக்மா லென்ஸ்கள் கேனான் டிஜிட்டல் கேமராவில் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடுவது தெரிந்த சங்கதி. மாட்டி, துளையைச் சுருக்கி ஒரு படமாவது எடுத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

பணத்தில் ஒரு சிறு பகுதியை லென்ஸுக்குச் செலவழிக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டும். கொஞ்சம் ஒற்றைக்கால் தாங்கிக்கு; அல்லது தையற்கடையில் கொடுத்து ஒரு தடித்த துணிப்பை தைத்துக்கொள்ளலாம். பைக்குள் அரிசியோ பயறோ நிரப்புவது சமவெளி வழக்கம். இங்கே அது ஈரம் குடித்துப் பூத்துவிடும், ஆகவே உலர்ந்த மணலோ தெர்மகோல் உருண்டையோ மேல். மீதி, லென்ஸை வைக்கும் பெட்டிக்கு. மின்சாரத்தில் இயங்கும் உலர்பெட்டி வாங்க முடியாதவர்களுக்கு, ரப்பர் பட்டையுடன் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி, ஒரு துணி முடிப்பில் சிலிக்கா ஜெல் ஆகியவை போதும். ஈரப்பதம் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் நிற்க வேண்டும்; அறுபதைத் தாண்டி நாள்கணக்கில் இருந்தால் பூஞ்சைக்கு அழைப்பு விடுத்த மாதிரிதான். தோல் பை, வெல்வெட் உறை இவற்றோடு சேர்த்து டப்பாவுக்குள் வைக்கக் கூடாது, அவையே ஈரத்தைத் தேக்கி வைப்பவை. ஜனவரிக் காலையில் உறைபனிக் குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்தவுடன் பையைத் திறக்காமல், ஒரு மணி நேரம் மூடியபடியே விட்டால் கண்ணாடியில் நீர் கோக்காது. முன்னும் பின்னும் நீளும் ஸூம் லென்ஸ்கள் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளிழுப்பவை என்பதால், பனிக்குள் திரிந்து வந்த நாளில் அவற்றை நேராக டப்பாவில் அடைக்காமல், உலர்ந்த அறையில் சற்று நேரம் வைத்திருந்து பிறகு வைப்பது நல்லது.

நீல நிறச் சிலிக்கா ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாக மாறும். மழைக்காலத்தில் இது சீக்கிரமே நடக்கும். அதை ஒரு பழைய இரும்புச் சட்டியில் கொட்டி, மெல்லிய தீயில் கிளறிக்கொண்டிருந்தால் நிறம் மறுபடி நீலமாகத் திரும்பும். ஆறியபின் முடிந்து உள்ளே வைக்கலாம். அந்த நீல நிறத்துக்குக் காரணமான கோபால்ட் குளோரைடு நச்சுப்பொருள், ஆகவே வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், அந்தச் சட்டியை மறுபடி சமையலுக்கு எடுக்கவே கூடாது.